தள்ளியும் இழுத்தும் விட்ட எல்லோருக்கும் நன்றி

அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையை ஒட்டிப் போகும் 101-ஆம் நெடுஞ்சாலையில், போன ஜூலையில் எங்களுக்குக் கைகொடுத்த அத்தனை பேருக்கும் இந்த மடல். இவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பரவாயில்லை. ஆங்கிலத்தில் அங்கேயே 'தேங்க் யூ, தேங்க் யூ' என்று சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. நிதானமாக, ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது.

நாங்கள் யார் என்று சொன்னால் நினைவுக்கு வந்துவிடும். உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற மாதிரி, வாடகைக்கு எடுத்த 25 அடி டிரெய்லர், அதை இழுக்க ஒரு பிக்கப் ட்ரக். ஓட்டியவர் என் வீட்டுக்காரர். பின்சீட்டில் அம்மா, நான், பிள்ளைகள். முன்சீட்டில் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அப்பா. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, வாயிலிருந்து இல்லை.

ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பூங்காவில் கோல்ஃப் வண்டியில் வந்து இறங்கிய அம்மணி, முதல் நன்றி உங்களுக்கு. 1906-இல் தரைதட்டிய பீட்டர் ஐர்டேல் கப்பலின் துருப்பிடித்த எலும்புக்கூடு இன்னும் மணலில் நிற்கும் இடம் அது. அங்கே போய் முதல் ராத்திரி தங்கினால் எப்படி விளங்கும்? டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து மரங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். அப்பா பின்னால் நின்றுகொண்டு, பஸ்ஸைத் தட்டுகிற மாதிரியே தகரத்தைத் தட்டினார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. தமிழ்நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் சென்னையில் ஸ்கூட்டரிலேயே வளர்ந்த என் வீட்டுக்காரர், எந்தத் தட்டு கேட்டாலும் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். மிதித்து, யோசித்து, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ட்ரக்கும் டிரெய்லரும் 'ட' எழுத்து மாதிரி மடங்கிப் பக்கத்து வீட்டு, அதாவது பக்கத்து டிரெய்லரின், சாப்பாட்டு மேஜையை முத்தமிடப் போன நேரத்தில் நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் முதலில் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கழிவுநீர்க் குழாயைக் கழற்ற மறந்து வண்டியைக் கிளப்பி, கேம்ப் முழுக்க அதை இழுத்துக்கொண்டு போன உங்கள் கதையைச் சொன்னீர்கள். எங்கள் மூச்சு திரும்பியது. அப்புறம்தான் வித்தை: "ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடி. டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கமே கையை நகர்த்து." அவ்வளவுதான், வண்டி உள்ளே போய்விட்டது. அப்பா இரண்டு தட்டுத் தட்டினார், சந்தோஷத்தில். வண்டி நின்றுவிட்டது.

அடுத்தது, கேப் கிவாண்டா கரையில் எங்களை மணலிலிருந்து மீட்ட மீனவர் ஐயா. அந்தக் கரை இருக்கும் பசிபிக் சிட்டியில் வண்டிகளைக் கடற்கரை மணலிலேயே இறக்க அனுமதி உண்டு. அனுமதி உண்டு என்பதும் திரும்பி வர முடியும் என்பதும் வேறு வேறு சங்கதி. நல்லவேளை, டிரெய்லரைக் கேம்பிலேயே விட்டுவிட்டு ட்ரக்கை மட்டும்தான் இறக்கியிருந்தோம். கடலுக்குள் 327 அடி உயரத்துக்கு நிற்கும் பாறையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், பின் டயர் இரண்டும் பாதி உள்ளே. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே. அலை வேறு ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உங்கள் டோரி படகு அலையோடு சேர்ந்து முழு வேகத்தில் வந்து, சறுக்கிக்கொண்டே மணலில் ஏறியது. தட்டையான அடிப்பாகம், துறைமுகமும் வேண்டாம், படகுத்துறையும் வேண்டாம். அம்மா தன் கவலையை மறந்து, "நம்ம ஊர்க்காரங்க மாதிரில்ல வர்றாங்க!" என்றாள். நீங்கள் படகை அப்படியே விட்டுவிட்டு எங்களிடம் வந்தீர்கள். சாவி நுனியால் வால்வை அழுத்தி, நாலு டயரிலும் காற்றை 18 பவுண்டுக்கு இறக்கினீர்கள். காற்று குறைந்தால் டயர் அகன்று மணல்மேல் பரவும் என்று பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தினீர்கள். டயருக்கு முன்னாலிருந்த மணலை அப்பாவும் நீங்களும் வாரினீர்கள். இழுவைப் பட்டையைக் கட்டி உங்கள் ட்ரக்கால் இழுத்ததும், எங்கள் வண்டி ஒரு முனகலோடு வெளியே வந்தது.

நாங்கள் வெட்கத்தில் நிற்பதைப் பார்த்து, மீனவர் ஐயா தன் பழைய ட்ரக்கைக் கடல் பானெட் வரை முழுங்கிய கதையைச் சொன்னார். அதற்கும் முகம் தெளியாததால் திமிங்கலக் கதையை எடுத்தார். 1970 நவம்பர் 12, புளோரன்ஸ் ஊர். கரையொதுங்கிய 45 அடித் திமிங்கலம் அழுகி நாறுகிறது. ஓரிகன் கடற்கரையை 1913-லேயே பொது நெடுஞ்சாலை என்று சட்டம் போட்டிருந்தார்கள். அந்த வழக்கத்தில் அப்போது கரையைக் கவனிப்பது நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பாக இருந்தது. அவர்கள் அரை டன் டைனமைட் வைத்தார்கள். தூளானால் மிச்சத்தைக் கடற்பறவைகள் தின்றுவிடும் என்று கணக்கு. கொழுப்பு மழையாகப் பெய்தது. ஒரு பாளம் கால் மைலுக்கு அப்பால் நின்ற காரை நசுக்கியது. பறவைகள் சத்தத்தில் ஓடியே போயின. திமிங்கலத்தின் பெரும்பகுதி கிடந்த இடத்திலேயே கிடந்தது. "அவர்களோடு பார்த்தால் உங்களுடையது ஒன்றுமே இல்லை" என்றார் ஐயா. பணம் வாங்க மறுத்துவிட்டார். அம்மா கொடுத்த முறுக்கை வாங்கிக்கொண்டார்.

மரக்கட்டை லாரி ஓட்டிவந்த அண்ணனுக்கும் நன்றி. நியூபோர்ட் வருவதற்கு முன்னால் எங்கள் டிரெய்லர் வாலை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்து விளக்கைப் போட்டு ஓரம்கட்ட வைத்தார். பாரமெல்லாம் பின்னால் இருந்ததுதான் காரணம். டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதமாவது முன்னால் ஹிட்ச்மேல், அதாவது ட்ரக்கோடு மாட்டும் இணைப்பின்மேல், அழுந்த வேண்டுமாம், இல்லாவிட்டால் வால் ஆடும். பின்கதவைத் திறந்தார். அரிசி மூட்டை, தண்ணீர் கேன்கள், அம்மாவின் வெட் கிரைண்டர். "சிமென்ட் கலக்குகிற மெஷினா?" என்றார். கல்லைத் தூக்கிப் பார்த்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது போல. எல்லாவற்றையும் முன்கட்டிலுக்கு அடியில் மாற்றிவிட்டு, 1936-இல் கட்டிய அந்தக் குறுகலான யக்வினா பே பாலத்தில் எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்தார். எதிர்க்காற்றிலும் டிரெய்லர் அசையவில்லை.

ஹிட்ச் கிளிப் தொலைந்தபோது காசு வாங்காமல் புதுசு கொடுத்த ஹார்டுவேர் கடைக்காரர், காற்றில் பிய்ந்த டிரெய்லரின் கூடாரத் துணியைச் சுருட்டிக் கட்டிய பையன்கள், எல்லோருக்கும் நன்றி. டிரெய்லரை வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு மட்டும் நன்றி கிடையாது. அந்தத் துணிக்கு அவர்கள் பிடித்துக்கொண்ட பணமே போதும்.

புளோரன்ஸ் பக்கம் ஹனிமேன் பூங்காவில் பக்கத்தில் இருந்த வயதான தம்பதிக்கு ஒரு தனி வணக்கம். ஃபிரிட்ஜ் கதவு வளைவில் திறந்துகொண்டு, இட்லி மாவு வாசற்படி வழியாக வடிந்தது. எங்கள் கழிவுத் தொட்டிதான் உடைந்துவிட்டது என்று நினைத்து, கையுறையும் தண்ணீர்க் குழாயுமாக ஓடி வந்தீர்கள். மீதி மாவில் சுட்ட தோசையை மறுநாள் காலை நீங்கள் தயக்கத்தோடுதான் பிய்த்தீர்கள், அதையும் பார்த்தேன்.

அந்த ஊரில் ஒரு பூங்காவுக்கு 2020-இல் 'வெடித்த திமிங்கல நினைவுப் பூங்கா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு. பெயர்ப்பலகை முன்னால் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்.

வரும் கோடையில் அண்ணன் குடும்பமும் சேர்ந்துகொள்கிறது. டிரெய்லர் 30 அடி. அண்ணன்தான் ஓட்டுவாராம். மீனவர் ஐயா, அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முறுக்கு இரண்டு டின் வருகிறது.