சைலன்சரைத் திட்டுங்கள், சீட்டை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைக்குகளை ஆல்ட்டர் செய்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காதைக் கிழிக்கும் சைலன்சர்களைக் கழற்றி ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவதை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். நல்லது, நசுக்கட்டும். ஆனால் வண்டியில் கை வைக்கிற எல்லோரையும் ரேஸ் விடும் பையன்களோடு ஒரே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வர 150 சிசி வண்டி வைத்திருப்பவன் நான். என் வண்டியிலும் பல வேலைகள் செய்திருக்கிறேன். நின்று பார்த்தால் எதுவும் கண்ணில் படாது, ஓட்டினால்தான் தெரியும்.

சீட்டிலிருந்து தொடங்குகிறேன். ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது கம்பெனி சீட்டு மெத்தென்றுதான் இருக்கும். ரெட்டிச்சாவடி தாண்டி கன்னியக்கோயில் வருவதற்குள் ஃபோம் அமுங்கி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு இடிக்க ஆரம்பிக்கும். குஷன் கடைக்குப் போனால் இன்னும் மெத்தென்ற ஸ்பாஞ்சை வைக்கப் பார்ப்பார்கள். சம்மதிக்காதீர்கள். அழுத்தமான ஃபோம் கீழே, மென்மையானது மெல்லிசாக மேலே, அப்படித்தான் கேட்க வேண்டும். ரெக்சினுக்கு அடியில் ஒரு பாலித்தீன் ஷீட்டும் போடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் பெய்கிற மழையில் தையல் வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர், மழை விட்ட மறுநாளும் பேண்ட்டை நனைக்கும்.

பின்பக்க ஷாக்கப்சரில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கப் பல வண்டிகளில் படிகள் இருக்கின்றன. தனியாகப் போகும்போது ஒன்று, மனைவியும் பிள்ளையும் ஏறினால் ஒன்றிரண்டு படி கூடுதல். டூல் கிட்டில் உள்ள ஸ்பேனர் போதும், பைசா செலவில்லை. இதைத் தொடாமலே வண்டியை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

டயர் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 100/90-17 (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்) போட வேண்டிய ரிம்மில் 130 டயரைத் திணித்தால், ரிம்மின் அகலம் போதாமல் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி துருத்திக்கொள்ளும். பார்க்க அகலமாக இருக்கும். தரையைத் தொடும் பகுதி நினைத்த அளவு கூடாது. வளைவில் சாயும்போது வண்டி இயல்பாகப் படியாது, மைலேஜும் இறங்கும். அதே காசில் கம்பெனி சொன்ன அளவிலேயே மழையில் நல்ல பிடிப்புள்ள டயர் வாங்கிவிடலாம்.

விளக்கைப் பற்றி எழுதினால் கோபம் வந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு ஏழு மணிக்கு மேல் ஓட்டுகிற யாரையும் கேளுங்கள். ஹாலஜன் பல்புக்கென்று வடிவமைத்த ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைச் செருகிவிடுகிறார்கள். ஹாலஜனில் ஒளி பிறக்கிற இழை எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கண்ணாடியை வளைத்திருக்கிறார்கள். எல்இடியில் ஒளி வேறு இடத்திலிருந்து வருவதால், டிம்மில் போட்டாலும் வெளிச்சம் சிதறி எதிரில் வருபவர் கண்ணில்தான் போய் அடிக்கிறது. ஓட்டுபவருக்கோ கிட்டத்தில் மட்டும் வெள்ளை வெளேர் என்று தெரியும், தூரத்துப் பள்ளம் தெரியாது. இன்னொரு கூட்டம், 35/35 வாட் பல்புக்காக வந்த ஒயரில் 100/90 வாட் பல்பை மாட்டி ஹோல்டரை உருக்கிக்கொள்கிறது. பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு மின்சாரம் விடும் ரிலே வைத்துத் தனி ஒயரிங் இழுக்காமல் இதைச் செய்கிற பட்டறைக்கு வண்டியை விடவே கூடாது.

'பிக்கப்' வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செயினை இழுக்கும் முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 பல் போட்டால் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும். பாலம் ஏறும்போது கியர் குறைக்கத் தேவைப்படாது. ஆனால் அதே வேகத்துக்கு என்ஜினும் அந்த அளவு கூடுதலாகச் சுற்றும்; பெட்ரோல் பங்க்கில் அது தெரியும். கொடுத்து வாங்குவது என்பது இதில் வெளிப்படையாக இருக்கிறது, அதனால் எனக்கு இது பிடிக்கும். சைலன்சரில் அந்த நேர்மை இல்லை. பிஎஸ்-6 மாசு விதிப்படி வந்த வண்டியின் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது; அது சொல்வதை வைத்தே எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று முடிவாகிறது. குழாயை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால் கலவை கெட்டு, நகர வேகத்தில் இழுவை குறைவதுதான் பெரும்பாலும் நடக்கும். சத்தம் கூடியதால் வேகம் கூடியதாகத் தோன்றுகிறது.

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் அண்ணன்கள் இங்கே என்னோடு சண்டைக்கு வருவார்கள். 1985 முதல் 1996 வரை வந்த அந்த 98 சிசி வண்டி மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் என்ஜினின் ஒரு பாகம். வெளியேறப் பார்க்கும் பெட்ரோல் கலவையை அதன் உள் வடிவத்தில் எழும் அழுத்த அலைதான் திருப்பித் தள்ளுகிறது. அதை வெட்டிக் குட்டையாக்கினால் மிஞ்சுவது இரைச்சல். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கு வேறு கணக்கு. எங்கள் கடலூர் லாரன்ஸ் சாலையில் அந்தக் கணக்கு செல்லாது.

அழகுக்காகச் செய்வதில் எனக்கு அவ்வளவு ஆட்சேபம் இல்லை, ஸ்டிக்கரோ ரிம் டேப்போ அவரவர் விருப்பம். உப்புக்காற்று வீசும் ஊரில் மலிவான குரோம் சாமான்களை வாங்க வேண்டாம், அவ்வளவே. ஆனால் பின்பக்க மட்கார்டை வெட்டுவதும், பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் சேலை கார்டைக் கழற்றுவதும் வேறு. வெட்டினால் சேறு பின்னால் வருபவர் மேல் தெறிக்கும். சேலை கார்டு அழகைக் கெடுக்கிறது என்று கழற்றிப் போடுகிற பையன், அம்மாவை அதே வண்டியில் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கு அழைத்துப் போகிறான். மத்திய மோட்டார் வாகன விதி 123 அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எனக்குத் தெரிந்து அதற்காக யாரையும் நிறுத்தி யாரும் கேட்டதில்லை.

சட்டத்தையும் நீங்கள் பாதிதான் சொன்னீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. நிறத்தை மாற்றினால் ஆர்சியில் பதிய வேண்டும். ஆனால் சீட்டு ஃபோமுக்கு ஆர்சியில் இடமே இல்லை. எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, கடலூர், புதுச்சேரி போக்குவரத்து அலுவலகங்களின் வாசலில் ஒட்டச் சொல்லி நீங்கள் எழுதலாம்.

அதற்காக நிருபரை அனுப்பும்போது, வழியில் உதிரிபாகக் கடைகளுக்குள்ளும் எட்டிப்பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ரோடு ரோலருக்கு அடியில் போகிற சைலன்சர்கள் அங்கேதான் வரிசையாகத் தொங்குகின்றன. பில் போட்டுத் தருகிறார்களா என்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.