அத்தாவின் நோன்பு

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். இதய நோய் இருந்தும் இந்த வருடம் ரமலானில் ஒரு நோன்பையும் விடப்போவதில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டதாக அம்மா சொன்னார்கள். போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் லண்டன் வந்த புதிதில் ரமலான் ஜூனில் வந்தது. விடியற்காலை 3 மணிக்கு முன்பே சஹர் சாப்பாடு முடிந்துவிடும். சூரியன் மறைய இரவு 9 மணிக்கு மேல் ஆகும். 18 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரவில் தராவீஹ் தொழுகை தொழுதுவிட்டுக் கண்ணை மூடினால் மறுபடி சஹர். உடம்புக்குப் பசியைவிட இந்தத் தூக்கக் குறைவுதான் பெரிய பாடாக இருந்தது. வருடா வருடம் ரமலான் 10, 11 நாள் முன்னால் நகர்ந்து, இப்போது பிப்ரவரிக்கு வந்துவிட்டது. நோன்பு 12, 13 மணி நேரம்தான். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே மஃரிப் ஆகி நோன்பு திறக்கும் நேரம் வந்துவிடும் என்பதால் கோட்டுப் பையில் பேரீச்சம்பழம் வைத்துக்கொள்வேன்.

நோன்பு இதயத்துக்குக் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை அத்தா. 2019 ரமலானில் இங்குள்ள பள்ளிவாசல்களுக்கு வருகிறவர்களை இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் நோன்புக்கு முன்னும் பின்னும் பரிசோதித்தார்கள். மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 7 புள்ளியும், கீழ் அழுத்தம் 3 புள்ளியும் குறைந்திருந்தன. எடை குறைந்ததால் மட்டும் வந்த மாற்றம் இல்லை என்றும் கண்டார்கள். படித்தபோது மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் உங்கள் நிலைமை வேறு. இதயத்தின் பம்பிங் குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் சாப்பிடும் நீர் மாத்திரை உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும். பகல் முழுக்கக் குடிக்காமலும் இருந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். அதற்குப் பயந்து மாத்திரையை விட்டாலோ நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். காலை, மாலை என்று இரண்டு வேளை போடும் மாத்திரையை நீங்களாகவே சஹருக்கும், நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ளாதீர்கள். ஒரே வேளை போடும் மாத்திரையாக மாற்ற முடியுமா, அளவைக் குறைக்கலாமா, நோன்பே கூடாதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவும் ரமலான் பிறப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

அவர் சம்மதித்தால் பிடியுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அப்போதும் நோன்பு திறந்ததும் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், உப்பும் எண்ணெயும் குறைவாகவே இருக்கட்டும். நெஞ்சு கனத்தாலோ மூச்சு திணறினாலோ அந்த நிமிடமே நோன்பை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேண்டாம் என்று அவர் சொன்னால் குறையாக நினைக்காதீர்கள். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம், முடியாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்று அல்லாஹ்வே குர்ஆனின் பகரா சூராவில் சலுகை தந்திருக்கிறானே. நாங்கள் இங்கே விட்ட நோன்பை டிசம்பரில் நோற்றுக் களா செய்வோம், பகல் அவ்வளவு குறுகியது. உங்களுக்கு அதுவும் முடியாது என்றால் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா இருக்கிறது. அந்தப் பணத்தை நான் அனுப்புகிறேன்.

டாக்டரிடம் கூட்டிப்போகத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் என்ன சொன்னார் என்று நீங்களே எனக்குச் சொல்ல வேண்டும், அம்மா மூலமாக வேண்டாம்.

துஆவுடன்,
உங்கள் மகள்