ஆடு வாங்குமுன் கதியால் நடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் வளவைத் துப்புரவாக்கி, கொஞ்சம் மரக்கறி வைத்து, நாலு கோழியும் இரண்டு ஆடும் வளர்ப்போம் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் எழுகிறது. வெளிநாட்டிலிருந்து ஓய்வுபெற்று வந்து தாய் தகப்பனின் வளவில் குடியேறுபவர்களிடமும் இந்த ஆசை உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் தொடங்கும் ஒழுங்குதான் தலைகீழ். முதலில் ஆடு வந்துவிடும், பிறகு அவசரமாகக் கொட்டில், கடைசியில் குழைக்கு எங்கே போவதென்ற யோசனை. ஆனி, ஆடியில் ஆட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதோடு கதை முடியும்.

குளிர்நாடுகளில் பனி உருகியதும் தோட்டம், கோழி, ஆடு எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கலாம். அவர்களுக்கு அதன்பின் வருவது பசுமை. எங்களுக்குத் தைக்குப் பின் வருவது நீண்ட வறட்சி. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்வதே எங்கள் ஆண்டு மழையின் பெரும்பங்கு. சித்திரையில் ஒன்றிரண்டு மழை விழுந்தால் அது அதிட்டம். ஆகவே தையில் தொடங்கக்கூடியது தோட்டமும் கோழியுமே. ஆட்டுக்கான வேலை அதற்கு முந்திய ஐப்பசியிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அதுவும் வேலியில்.

கணக்கைப் பாருங்கள். நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர் வளவு. சதுரமான காணியென்றால் சுற்றுவேலி ஏறத்தாழ 400 அடி. அடிக்கொன்றாகச் சீமைக்கிளுவைக் கதியால் (வேர்பிடித்து வேலிமரமாகும் தடி) நட்டால் 400 மரம். நன்றாக வேர்பிடித்த மரம் ஒரு வெட்டுக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ குழை தரும், மறுபடி வெட்ட இரண்டு மாதம் செல்லும். நாளொன்றுக்குப் பிரித்தால் ஏழு முதல் பத்துக் கிலோ. முப்பது, முப்பத்தைந்து கிலோ நிறையுள்ள மறியாடு (பெட்டையாடு) ஒன்று தன் நிறையில் பத்திலொரு பங்கு பச்சைக்குழை தின்னும். ஆக, வேலியின் முழு விளைச்சலும் இரண்டு மறிக்கும் அவற்றின் குட்டிகளுக்கும்தான் காணும். ஆடி, ஆவணியில் துளிர்ப்பு மந்தமாகும்போது அதுவும் குறையும். அந்த இரண்டு மாதத்துக்குப் பலாவிலை, பூவரசு, வாதராயணி, அகத்தி என்று வேறு குழை கைவசம் இருக்க வேண்டும். இதைப் பார்த்த பிறகும் ஐந்து ஆடு வாங்குகிறவர் பக்கத்து வளவு வேலியை நம்பித்தான் வாங்குகிறார்.

கதியாலுக்கு முற்றிய தடி வேண்டும். கட்டைவிரலிலும் பருமன், ஐந்தடி நீளம். அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டி, அலவாங்கால் துளை போட்டு, ஓரடி ஆழத்தில் இறக்கி, மண்ணை இறுக மிதிக்க வேண்டும். துளை போடாமல் தடியையே மண்ணில் அடித்து இறக்குபவர்கள் உண்டு. அடியில் பட்டை உரிந்துவிடும். உரிந்த தடியும் தன்னிடமுள்ள சத்தைக் கொண்டு மார்கழியில் துளிர்க்கும், பார்த்தவருக்குத் திருப்தி. வேர் இல்லாததால் மாசி வெயிலில் காய்ந்துபோகும். முதல் வெட்டுக்கு எட்டு மாதமாவது விட வேண்டும்.

கொட்டில் எங்கே போடுவதென்பதைக் காற்றும் கிணறும் தீர்மானிக்கட்டும். வாடை வடகிழக்கிலிருந்தும் சோளகம் தென்மேற்கிலிருந்தும் வீசும். வளவின் நடுவில் வீடு இருந்தால் இந்த இரண்டு மூலையிலும் கொட்டில் வைக்கக்கூடாது, அரையாண்டுக்கு நாற்றம் வீட்டுக்குள்தான். வடமேற்கு அல்லது தென்கிழக்கு மூலை நல்லது. எருக்கும்பி கிணற்றுக்கு 50 அடிக்குள் வரக்கூடாதென்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் நிலத்துக்கு அது போதாது. செம்மண் சில அடிதான், அதன்கீழ் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். எருவில் கரையும் நைத்திரேற்று என்ற உப்பு மழையோடு நேரே கிணற்றுக்குப் போகும். 100 அடி தள்ளி, சீமெந்துத் தளத்தில், கிடுகால் மூடி வைப்பதே பாதுகாப்பு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுத்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியில் பல தோட்டக் கிணறுகள் அதைத் தாண்டியவை. கொதிக்கவைத்தால் இது போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

கிணற்றுநீரின் அளவும் முக்கியம். வெயில் காலத்தில் மரக்கறிக்குச் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வேண்டும். ஒரு பரப்புத் தோட்டத்துக்கு 1,200 லீற்றருக்கு மேல். நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதப்பதால், மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் உவர் மேலேறும். தீவகத்திலும் கரையோரத்திலும் இது சீக்கிரம் தெரியும். காலையும் மாலையும் பிரித்து இறைப்பதும், பாத்தியைச் சருகாலோ வைக்கோலாலோ மூடுவதும் கட்டாயம். முதலாண்டு ஒரு பரப்புக்கு மேல் மரக்கறி வைக்க வேண்டாம்.

நாற்று மார்கழிக் கடைசியிலேயே போட்டிருக்க வேண்டும். உயர்த்திய மேடையில் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி எரித்து, சாம்பலைக் கொத்திக் கலந்து, ஆறிய பின் விதைத்தால் நாற்று அடியழுகிச் சாய்வது குறையும். கத்தரியில் திருநெல்வேலி ஊதா எங்கள் மண்ணுக்குப் பழகிய இனம். நாலு கிழமை நாற்றைத் தையில் மூன்றடிக்கு இரண்டடி இடைவெளியில் மாலைநேரம் நட வேண்டும். தக்காளியைப் பிந்தி நட்டால் பூ வரும், காய் நிற்காது, பங்குனிக்குப் பின் இரவும் வெக்கை என்பதே காரணம். வெண்டியும் பயற்றையும் வெயிலைத் தாங்கும். முளைக்கீரை மூன்று கிழமையில் பிடுங்கலாம். வாழையையும் பப்பாசியையும் சோளகம் நேரே அடிக்காத பக்கத்தில் வையுங்கள்.

செம்மண் தோட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத எதிரி வேர்முடிச்சு நூற்புழு. நீர் இருந்தும் கத்தரி மத்தியானத்தில் வாடினால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரே தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். பயற்றையின் வேரிலும் முடிச்சு இருக்கும், அது நல்லது, நகத்தால் தட்டினால் தனியே கழன்றுவிடும். நூற்புழு முடிச்சு கழலாது. அந்தப் பாத்தியில் அடுத்த போகம் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம். குரக்கன் போடலாம். பச்சைக் கோழி எருவை அடியில் போட்டுச் செடியைக் கருக்குவதும் அடிக்கடி நடக்கிறது. அது இரண்டு மூன்று மாதம் மக்க வேண்டும்.

கோழிக்கு மாசி, பங்குனி நல்ல காலம். ஆறு பேடும் ஒரு சேவலும் போதும். நாலடிக்கு ஐந்தடிக் கூடு, உள்ளே குந்த ஒரு தடி. வலை அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையாக இருக்கட்டும். அறுகோணக் கண் வலைக்குள்ளால் மரநாய் தலையைப் பிடித்து இழுக்கும். கீரி அடியால் தோண்டுவதைத் தடுக்க வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள். அடைவைக்கப் பத்துப் பன்னிரண்டு முட்டை, ஒரு கிழமைக்கு உட்பட்டவை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தவை வேண்டாம். சட்டியில் சாம்பலும் வேப்பிலையும் பரப்பி, மேலே வைக்கோல் வைத்தால் பேன் தொல்லை குறையும், இல்லாவிட்டால் பேடு இடையில் எழும்பிவிடும். ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு தெரியாத முட்டைகளை எடுத்துவிடுங்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு.

கூண்டோடு கோழியை அள்ளிப்போவது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெற் நோய். வந்த பின் மருந்தில்லை. குஞ்சின் முதற்கிழமையில் கண்ணில் ஒரு துளி தடுப்பு மருந்து, நாலாம் கிழமை மீண்டும், பிறகு கால்நடை வைத்தியர் சொல்லும் இடைவெளியில். சிக்கல் என்னவென்றால் ஒரு குப்பி மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது, கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், வெயில் பட்டால் பழுது. ஏழு கோழிக்காரர் தனியே வாங்க முடியாது. ஒழுங்கையிலுள்ளவர்கள் ஒரே நாளில், ஒரே காலையில் சேர்ந்து போடுவதுதான் வழி.

ஆட்டுக்கு நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் பனஞ்சலாகைப் பரண். இடைவெளி அரை அங்குலம். கூடினால் குட்டியின் கால் மாட்டும், குறைந்தால் புழுக்கை தங்கி ஈரமாகும். சீமைக்கிளுவையை வெட்டியவுடன் போட்டால் மணத்துக்கே முகத்தைத் திருப்பும். காலையில் வெட்டி, மாலைவரை வாடவிட்டு, கட்டித் தொங்கவிடுங்கள். கீழே விழுந்த குழையை ஆடு மிதிக்குமே தவிரத் தின்னாது. இப்பில் இப்பில் என்ற தீவன மரத்தின் குழை மொத்தத் தீனில் மூன்றிலொன்றைத் தாண்டினால் மயிர் கொட்டும். எல்லாவற்றிலும் மோசம், கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை வாளியோடு வைப்பது. சோறு இரைப்பையில் புளித்து, வயிறு ஊதி, பல்லை நறும்பிக்கொண்டு படுக்கும். அடுத்த நாளே சாகலாம்.

மழைக்காலத்தில் பின்னங்கால் இழுத்து விழும் ஆடுகளைப் பலர் பாம்பு தீண்டியதென்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மாட்டிலுள்ள ஒருவகைப் புழு நுளம்பால் ஆட்டுக்கு ஏறி, முள்ளந்தண்டு நரம்பைத் தாக்குவது. முதல் நாளிலேயே வைத்தியரிடம் காட்டினால் தப்ப இடமுண்டு. மாட்டுக்கொட்டிலை ஒட்டி ஆட்டைக் கட்டாதீர்கள். மாலையில் வேப்பிலைப் புகை போடுங்கள்.

கிடாய்க்கு விடுவது ஆவணியில் இருக்கட்டும். சினை ஐந்து மாதம், தையில் குட்டி. மழை விட்டிருக்கும், வேலியும் பச்சையாக நிற்கும். கார்த்திகை ஈரத்தில் பிறக்கும் குட்டிகள் சளி பிடித்தே போகின்றன.

ஆகவே வாழ்வாதார உதவியாக ஆடு வழங்க நினைக்கும் எந்த நிறுவனத்திடமும் ஒரு வேண்டுகோள். பயனாளியைத் தெரிவு செய்யும் ஐப்பசியில் 400 கதியாலை முதலில் கொடுங்கள். அடுத்த ஆண்டு மாரி தொடங்கியதும் போய்ப் பார்த்து, வேலி நிற்கும் வளவுக்கு மட்டும் இரண்டு மறியைக் கொடுங்கள். கோழித் தடுப்பு மருந்துக்குக் கிராமத்துக்கொரு நாளைக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் முற்கூட்டியே அறிவித்தால், அந்த நாட்களைத் தங்கள் பத்திரிகையில் மாதந்தோறும் வெளியிடலாம்.

இங்ஙனம்,
தோட்டச் செய்கையாளர் இருவர்,
ஏழாலை.