எங்களைக் கேட்காமல் இயங்குதளத்தை மாற்றியது தொடர்பான புகார்

அனுப்புநர்: உரிமையாளர், டி.டி.பி. மற்றும் அச்சுப் பணியகம், மதுரை.
பெறுநர்: மேலாளர், கணினிப் பராமரிப்பு நிறுவனம், மதுரை.
நாள்: 05.11.2025

பொருள்: ஒப்புதல் பெறாமல் விண்டோஸ் 11 நிறுவியது – பழைய நிலைக்கு மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் மூன்று கணினிகளையும் ஆண்டு ஒப்பந்தப்படி தங்கள் நிறுவனமே பராமரித்து வருகிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 18 அன்று, வழக்கமான பராமரிப்புக்கு வந்த தங்கள் ஊழியர், நான் வெளியூரில் இருந்த நேரத்தில், எவரையும் கேட்காமல் மூன்றிலும் விண்டோஸ் 10-ஐ மாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிட்டார். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு அக்டோபர் 14-உடன் முடிந்ததே காரணம் என்று பின்னர் தொலைபேசியில் சொன்னார். ஆதரவு முடிந்தது உண்மைதான். ஆனால் அதன் பிறகும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் பெறுவதற்குத் தனித் திட்டம் இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால், கட்டணம் கட்டியாவது கார்த்திகை முகூர்த்தப் பத்திரிகை வேலைகள் முடியும்வரை பழையதிலேயே இருந்திருப்போம்.

எங்களிடம் பில் போடும் அம்மாவுக்குக் கணினி என்றால் இடது கீழ் மூலையில் உள்ள ஸ்டார்ட் பொத்தானும் பில் மென்பொருளும்தான். மறுநாள் காலை அவர் வழக்கம்போல் அந்த மூலையைத் தட்டியதும், வானிலையும் செய்திகளுமாக ஒரு பலகை திரையின் பெரும்பகுதியை மறைத்துக்கொண்டு வந்தது. எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து சுவிட்சையே அணைத்துவிட்டு, அன்று முழுவதும் கையால் பில் எழுதினார். விண்டோஸ் 11-இல் நடுவுக்குப் போய்விட்ட ஸ்டார்ட் பொத்தானை மீண்டும் இடப்பக்கம் வைக்க அமைப்புகளில் ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத் தங்கள் ஊழியர் செலவிடவில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

என் சிக்கல் வேறு. அதற்கு அமைப்புகளில் தீர்வே இல்லை. பக்க வடிவமைப்பில் திரையின் உயரம் முழுவதும் தேவைப்படுவதால், பல ஆண்டுகளாக டாஸ்க்பாரை (ஸ்டார்ட் பொத்தானும் திறந்த மென்பொருள்களும் வரிசையாக இருக்கும் பட்டையை) இடது ஓரத்தில் செங்குத்தாக வைத்தே வேலை செய்து வந்தேன். விண்டோஸ் 11-இல் அது கீழே மட்டுமே நிற்கும். கோப்பின் மீது வலது கிளிக் செய்தால் நான் நாள் முழுவதும் பயன்படுத்தும் பழைய மென்பொருள்களின் கட்டளைகள் 'மேலும் விருப்பங்கள்' என்பதற்குள் ஒளிந்திருக்கின்றன. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால் முழுப் பட்டியலும் நேரடியாக வரும் என்பதை நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன். புதிய வடிவமைப்பு சிலருக்கு எளிமையாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை; எந்தக் கணினியில் யார் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்க வேண்டாமா?

மாற்றிய 10 நாள்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி விண்டோஸிலேயே உண்டு. அக்டோபர் 21 அன்று அதை முயன்றபோது, வட்டில் இடத்தை அடைக்கிறது என்று பழைய பதிப்பின் கோப்புகளைத் தங்கள் ஊழியர் மாற்றிய அன்றே அழித்திருந்தது தெரியவந்தது.

எனவே, என் வடிவமைப்புக் கணினியில் விண்டோஸ் 10-ஐத் தங்கள் செலவில் மீண்டும் நிறுவி, பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்த்துத் தருமாறும், மற்ற இரண்டையும் பயன்படுத்துவோரை அருகில் வைத்துக்கொண்டே அவர்களுக்கு ஏற்றபடி அமைத்துத் தருமாறும், இனி எந்தப் பெரிய மாற்றத்துக்கும் முன்னதாக எழுத்துமூலம் ஒப்புதல் பெறுமாறும் கேட்டுக்கொள்கிறேன். நிறுவும் முன் எழுத்துருக்களையும் கோப்புகளையும் என் முன்னிலையில் நகல் எடுக்க வேண்டும். நவம்பர் 12-க்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்