ரயிலிலேயே விட்டுவிட்டுப் போகிற புத்தகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பிதழில் கோவையைச் சேர்ந்த துப்பறியும் கதை எழுத்தாளர் ராஜேஷ்குமார் பற்றிய கட்டுரை படித்தேன். படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் ரயில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம், அந்த மாதிரி எழுத்து என்று உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அவர் வசதியானவர், விட்டுவிட்டுப் போவார்.

எண்பதுகளில் குடியாத்தத்தில் என் அம்மா பீடி சுற்றினார். எழுத்து தெரியாது. மாதம் பிறந்து, ராஜேஷ்குமார் கதை வரும் 'க்ரைம் நாவல்' மாத இதழ் கைக்கு வந்ததும் நான் வாசிக்க வேண்டும். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்களும் மடியில் முறத்தோடு உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு அத்தியாயம் கோவையில் பிணத்தோடு முடியும். அடுத்தது சம்பந்தமே இல்லாமல் சென்னையில் ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பிக்கும். "இது ரெண்டும் எங்கடா ஒட்டும்?" என்பார் அம்மா. ஒட்டுகிற இடம் வந்ததும் இலை வெட்டுகிற கத்தரி அப்படியே நின்றுவிடும். கதையில் துப்பறிகிற விவேக்கும் அவன் மனைவி ரூபலாவும் எங்கள் தெருவில் குடியிருப்பவர்கள் மாதிரிதான். ரூபலா கொஞ்சம் வாயாடி என்று ஒரு அக்காவுக்குக் குறைகூட உண்டு. நான் திக்காமல் வாசிக்கப் பழகியது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தத் திண்ணையில்தான்.

புதுசு வாங்கக் காசில்லாத மாதங்களில் பழைய பேப்பர் கடை. ஒருமுறை கடைசி நாலு பக்கம் இல்லாத புத்தகம் அகப்பட்டது. கொலைகாரன் யாரென்று நானே ஒரு முடிவு கட்டிச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. சரி, நூலகத்தில் கேட்கலாமென்று போனால், 'அந்தக் குப்பையெல்லாம் இங்கே வாங்குவதில்லை' என்றார் அங்கிருந்தவர். உங்கள் கட்டுரையைப் படித்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

எல்லாம் அருமை என்று சொல்ல வரவில்லை. அத்தனை எழுதினால் சிலது சொதப்பத்தான் செய்யும். அது வாசித்த எங்களுக்கே தெரியும்.

அப்புறம், உங்கள் கட்டுரைகளில் தமிழ்த் துப்பறியும் கதை எப்போதும் சென்னையில் கிளம்பி நேராகக் கோவையில் போய் நிற்கிறது. நடுவில் காட்பாடி என்று ஒரு ஜங்ஷன் உண்டு, ஐயா. ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்தசிங் ஆக்கி நூறு வருடத்துக்கு முன்பே தமிழில் உலவவிட்ட ஆரணி குப்புசாமி முதலியார் எங்கள் வடஆற்காட்டுக்காரர். 'ஆனந்தபோதினி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், தங்களுக்குத் தெரியாததல்ல. 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது என்பதற்காக அவர் இல்லாமல் போய்விடுவாரா? இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தில், உங்கள் பத்திரிகையைப் பாராட்டியிருந்த முதல் பத்தியை மட்டும் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி.

இப்போது பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 'நூற்றுக்கணக்கான நாவல்கள்' என்று கட்டுரையில் இருக்கிறது. ராஜேஷ்குமார் எழுதியது 1,500 நாவல்களுக்கு மேல், சிறுகதைகள் 2,000. ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால், அந்த எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
குடியாத்தம்