சரிவுக்கு ஒரு கயிற்றுப் பாய்: டெல்டாவில் பாலமும் சாலையும் கட்டுகிற பொறியாளர்களுக்கு

மதிப்பிற்குரிய பொறியாளர் அய்யா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு வடிகாலை நம்பி ஆறு மா நிலத்தில் சம்பா போடுகிறவன் நான்.

எங்கள் வடிகாலின் குறுக்கே புதிதாகப் பாலம் கட்டினார்கள். பாலத்தைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சாலை ஏறுவதற்காக வெளியிலிருந்து செம்மண்ணை லோடு லோடாகக் கொண்டுவந்து மேடாக்கி, ரோலர் ஓட்டினார்கள். வண்டி ஓடுகிற இடம் கெட்டிப்பட்டது. சரிவை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை. முதல் நாள் சாயங்காலம் சரிவில் விரல் அகலத்துக்குக் கோடு கோடாக விழுந்திருந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அதே கோட்டுக்குள் என் கால் முழங்கால் வரை இறங்கியது. அத்தனை மண்ணும் வடிகாலுக்குள்தான் கிடந்தது. நட்டு இருபது நாளான பயிர் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது.

மேட்டுப் பூமிக்காரர்களுக்கு ஒரு சாண் மண் ஒரு விஷயமே இல்லை. எங்கள் வடிகாலுக்கு வாட்டமே கொஞ்சம்தான். அதில் ஒரு சாண் மேடு விழுந்தால் தண்ணீர் நின்றுவிடும். மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12-க்குள் தூர் வாரி முடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கோடையிலும் பரபரப்பாக இருக்கிறோமே, அப்படி அள்ளுகிற மண்ணில் ஒரு பங்கு நாமே மேலே கொட்டி வைத்தது.

இதற்கு மருந்து பக்கத்துத் தாலுகாவிலேயே இருக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்துக் கயிறு திரிக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகும் அந்தத் தொழில் பிழைத்துக் கிடக்கிறது. அந்தக் கயிற்றை வலை மாதிரி நெய்தால் மண் அரிப்பைத் தடுக்கும் விரிப்பு. மத்திய அரசின் கயிறு வாரியம் இதைப் பூவஸ்திரா என்கிறது. ஐஎஸ் 15869 என்று இந்தியத் தர விதியும் எழுதி வைத்திருக்கிறார்கள். சதுர மீட்டருக்கு 400 கிராமிலிருந்து 900 கிராம் வரை பல கனத்தில் வருகிறது. நாரைக் கெட்டியாக வைக்கிற லிக்னின் என்ற பொருள் இதில் அதிகம் என்பதால் சணல் மாதிரி சீக்கிரம் மக்காது, இரண்டு மூன்று வருஷம் தாங்கும். அதற்குள் புல் வேர் பிடித்துவிடும். அப்புறம் கயிறு மக்கினால் என்ன, மண்ணோடு மண்ணாகப் போகட்டும்.

உங்களுக்கு இது புதிதும் இல்லை. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 7 மாநிலங்களில் 1674 கிலோமீட்டருக்குக் கயிற்று விரிப்பு போடலாம் என்று 2020-இலேயே முடிவானது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர். சாலைக்கு அடியில் போடலாம் என்று ஒப்புக்கொண்ட பொருளைச் சாலையின் விலாவில் போட ஏன் இவ்வளவு யோசனை?

போட்டுப் பார்த்தோம், பலனில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அப்படிப் போட்ட ஓர் இடத்தை நானும் பார்த்தேன். நெல் காயப்போடத் தார்ப்பாய் விரிப்பதுபோல, கட்டியும் கல்லுமாக இருந்த சரிவின் மேல் விரித்திருந்தார்கள். நாலு பக்கமும் நாலு முளை, அவ்வளவுதான். விரிப்புக்கும் மண்ணுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. மழைத் தண்ணீர் அதன் அடியிலேயே ஓடி மண்ணை அறுத்தது. மேலே பார்த்தால் பாய் அப்படியே அழகாக இருந்தது!

முறை கஷ்டமானதில்லை. சரிவைச் சீவிச் சமன் செய்து, புல் விதையைத் தூவ வேண்டும். மேட்டின் உச்சியில் ஒரு அடி ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, விரிப்பின் தலைப்பை அதில் புதைத்து மண்ணை இடிக்க வேண்டும். அங்கிருந்து சுருளைத் தண்ணீர் ஓடுகிற போக்கிலேயே கீழே உருட்ட வேண்டும், குறுக்கே அல்ல. பக்கத்து விரிப்பின் மேல் ஒரு சாண் ஏறிக் கிடக்கட்டும். நீளத்தில் ஒட்டுப் போட நேர்ந்தால் கூரைக்குக் கீற்று வேய்கிற மாதிரி மேலது கீழதன்மேல் படிய வேண்டும். பிறகு ‘ப’ வடிவக் கம்பியை நெருக்கமாக அடித்து, விரிப்பு மண்ணோடு ஒட்டிக் கிடக்கும்படி செய்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்று சொல்ல வரவில்லை. வெண்ணாறு பெருக்கெடுத்து மோதுகிற கரையின் அடியில் கயிறு நிற்காது, அங்கே கல்தான் வேண்டும். கரையே உள்ளுக்குள் உடைந்து சரிந்தாலும் விரிப்பால் பிடிக்க முடியாது. மழை அடித்து மேல்மண் கரைகிறதே, அதற்குத்தான் இது.

நான் கேட்பது இவ்வளவுதான். எஸ்டிமேட் போடும்போதே சரிவுக்கான விரிப்பு, விதை, தண்ணீர் தெளிக்கும் கூலி மூன்றையும் தனி இனமாக எழுதுங்கள். எழுதாத வேலையைக் கான்ட்ராக்டர் செய்யமாட்டார், அவர்மேல் கோபித்துப் பயனில்லை. ஆவணிக்குள் விரித்து முடிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அருகம்புல் கொஞ்சமாவது தலை தூக்கியிருக்கும்.

எங்கள் பாலத்தின் மேற்குச் சரிவு இன்னும் வெறும் மண்ணாகவே கிடக்கிறது. முதலில் அதில் செய்து பாருங்கள். கம்பி அடிக்க ஆள் குறைந்தால் சொல்லுங்கள், ஊரிலிருந்து நாலு பேர் வருகிறோம்.

இப்படிக்கு,
வடிகாலின் கீழ்ப்பக்கத்து விவசாயி ஒருவன்