புதுக்குடியிருப்பு உடையாமல் வர வேண்டும்: வரைபு நூலகத்தைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் மாணவன் எழுதுகிறேன். நூலகம் என்று நான் சொல்வது, தரவை வரைபாக (கிராஃப்) வரைந்து தரும் உங்கள் திறந்த மூல மென்பொருளை. அதன் பெயரைச் சொல்லவில்லை. வாசித்தால் உங்களுக்கே விளங்கும். அதற்குப் பங்களிக்க எனக்கு விருப்பம். எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

புதியவர்களுக்கென்று நீங்கள் ஒதுக்கி வைக்கும் வேலைகளைப் பார்த்தேன். ஆவணத்தில் எழுத்துப்பிழை, விடுபட்ட ஓர் உதாரணம், அப்படிச் சின்னச் சின்ன வேலைகள். போட்ட கையோடு யாராவது எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும், அதை யார் செய்தாலும் ஒன்றுதான். என்னைப் போன்றவர்கள் மட்டும் செய்யக்கூடிய வேலை ஒன்று, வரைபில் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்ப்பது, உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை.

சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை இங்கே குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். இரணைமடுக் குளத்தில் இத்தனை அடி நிற்கிறது என்றால் கமக்காரருக்குக் கணக்குப் பிடிபட்டுவிடும். அந்த அடிக்கணக்கை வரைபாகப் போட்டால் போன வருடங்களோடு ஒப்பிட்டுப் பேசலாம். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சனத்துக்குக் கோடு ஏறுவதும் இறங்குவதும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் தடக்குப்படுவது வரைபில் உடைந்து வரும் ஊர்ப் பெயரில்.

உங்கள் நூலகம் எழுத்துகளை யூனிகோட் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கிறது. தமிழுக்கு அது போதாது. 'முல்லைத்தீவு' என்று எழுதினால் லகரத்துக்கு முன்னால் வரவேண்டிய குறி பின்னால் போய் நிற்கிறது. 'கிளிநொச்சி'யில் 'ந' எழுத்தின் இரு பக்கமும் நிற்கவேண்டிய கொம்பும் காலும் ஒரே பக்கத்தில் ஒதுங்குகின்றன. புதுக்குடியிருப்பைக் கேட்கவே வேண்டாம், அதில் 5 உகரக் குறிகள், ஒன்றும் எழுத்தோடு ஒட்டாது. மன்னார் மட்டும் ஏறக்குறையத் தப்பிவிடுகிறது. மன்னார்க்காரருக்கு எப்போதும் அதிர்ஷ்டம்தான்.

தீர்வு இல்லாத சிக்கல் இல்லை இது. குரோம், பயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் குறிகளை உரிய இடத்தில் வைக்கும் இந்த எழுத்துக் கோர்ப்பைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல்தான். டி3 போல உலாவிக்குள் வரையும் நூலகங்களில் தமிழ் சரியாக வருவதற்கும் காரணம் அதுவே, உலாவியே கோர்த்துக் கொடுத்துவிடுகிறது. ஹார்ஃப்பஸை உங்கள் நூலகத்தோடு இணைப்பது பெரிய வேலை என்று தெரியும். அதை நான் செய்து தருகிறேன் என்று சொல்லவில்லை.

நான் கேட்பது சோதனைப் பகுதியில் ஓர் இடம். வரைந்த படத்தை, முன்பே சேமித்து வைத்த மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டுத்தானே சோதிக்கிறீர்கள்? அந்த மாதிரிப் படத்திலேயே தமிழ் உடைந்திருந்தால் சோதனை காலாகாலத்துக்கும் பச்சை விளக்கே காட்டும். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்க்காதவரை பிழை பிழையாகவே தெரியாது. எந்த ஊர்ப் பெயரைப் போட்டால் எந்தக் குறி அகப்படும் என்று தெரிந்த ஆட்கள் வன்னியில் நிறையப் பேர் உண்டு. நிரல் எழுதத் தெரியாத தமிழ் ஆசிரியர்கூட இதைச் செய்யலாம். ஆகவே சரியான படத்தையும் பிழையான படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்பும் ஓர் இஷ்யூவையும் (குறை அறிவிப்பையும்) பங்களிப்பு என்று உங்கள் வழிகாட்டியில் எழுதிவிடுங்கள்.

மாட்பிளாட்லிப் என்ற பைத்தன் வரைபு நூலகத்தைத் தொடங்கிய ஜோன் ஹண்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்க்கத் தனக்கே ஒரு கருவி தேவைப்பட்டதால் எழுத ஆரம்பித்தவர். 2003 இல் அது வெளிவந்தது. எங்களுக்குத் தேவைப்படுவது குளத்து நீர்மட்டம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஃபோன் டேட்டாவுக்கு ரீலோட் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு நிரலின் பழைய மாற்றங்கள் எல்லாம் அடங்கிய முழு கிட் வரலாற்றையும் இறக்குவது கட்டாது. கடைசி நிலையை மட்டும் இறக்கும் 'டெப்த்' தெரிவை வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். அப்புறம் கூட்ட நேரம். கோடைகாலத்தில் நியூயோர்க்கில் பிற்பகல் 3 மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி 12.30. எப்போதாவது மாற்றி வைத்தால் நாங்களும் வருவோம்.

மேலே சொன்ன ஊர்ப் பெயர்களைச் சரியான படங்களோடு என் முதல் புல் ரிக்குவெஸ்ட்டாக (சேர்த்துக்கொள்ளக் கேட்டு அனுப்பும் மாற்றமாக) அனுப்புகிறேன். இப்போதைய நிரலில் அந்தச் சோதனை தோற்கும். தோற்கிறது என்பதற்காக மூடிவிடாமல், 'தெரிந்த குறை' என்று குறித்துத் திறந்தே வையுங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவன்